எபிசோட் 41: திரையில இருக்கிற மிஸ்ஸுக்கு மூஞ்சி எதுக்கு?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோட வண்ணார்பேட்டைல, எங்க வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்டு பண்றேன். பைபாஸ்ல போற பஸ் சத்தம் அப்பப்ப கேக்கும், பொறுத்துக்கோங்க. சென்னை ரூம்ல போர்வையப் போத்திக்கிட்டு பேசுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

போன மே மாசம் லீவுக்கு இங்க வந்தப்ப நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். அக்கா பொண்ணு, எனக்கு மருமவ, நாலாங்கிளாஸ் படிக்கிறா. மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் சாய்ஞ்சு கிடந்த நேரம். அவ மட்டும் அக்கா போன வச்சுக்கிட்டு ஒரு மூலையில கணக்கு போட்டுட்டு இருந்தா. எங்க கம்பெனி ஆப். கம்பெனி பேரு வேண்டாம். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஆப், அவ்வளவுதான். நான் எழுதின கோடு நம்ம வீட்டுப் பிள்ள கையில ஓடுதுன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. எட்டிப் பாத்தேன்.

பதில் போட்டதும் 'சரிபார்'னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்கறதுக்கு முன்னாடி அவ ஒரு கையால ஸ்கிரீனோட மேல் மூலைய மறைக்கிறா. மறைச்சுக்கிட்டு இன்னொரு விரலால அமுக்குறா. சரின்னு மணி அடிச்சா கைய எடுக்கிறா. மணி அடிக்கலன்னா எடுக்கிறதே இல்ல. அடுத்த கணக்கு வர்ற வரைக்கும் அப்படியே வச்சிருக்கா.

"ஏட்டி, என்னத்த மறைக்க?"

"மிஸ்ஸ."

"ஏன்?"

"தப்பு போட்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுரும் மாமா. பாக்க ஒரு மாதிரி இருக்கும்."

அந்த மூலையில ஒரு கார்ட்டூன் டீச்சர் நிப்பாங்க. பெரிய கண்ணு, பச்சை குர்தா, போனிடெயில். பிள்ளைங்க தப்பா பதில் போட்டா புருவம் லேசா சுருங்கும், கண்ணு கீழ பாக்கும், தோள் இறங்கும். சரியா போட்டா ஒரு சின்ன டான்ஸ். டிசைனர் வரைஞ்சு கொடுத்தத ஆப்ல சேத்தது நான்தான். விலை கம்மியான போன்ல கூட அந்தத் தோள் இறங்குறது திக்காம ஓடணும்னு ரெண்டு நாள் உசுரக் கொடுத்து வேலை பாத்திருக்கேன். அதத்தான் இந்தப் பிள்ள கைய வச்சு மறைக்குது.

ராத்திரி அக்காகிட்ட கேட்டுட்டு அந்த அக்கவுண்டோட லாகத் திறந்து பாத்தேன். எங்க கணக்குப்படி மருமவ ஒரு அருமையான யூசர். தினம் வர்றா, அரைமணி நேரத்துக்கு மேல இருக்கா, விடாம தட்டுறா. டேஷ்போர்டுல அவளுக்கு நேரா பச்சைக் கலர். ஆனா எந்த லெவல ஆடுறான்னு பாத்தா, ரெண்டு இலக்கக் கூட்டல். மூணு ஸ்டார் வாங்கி முடிச்ச லெவல். அதையே திரும்பத் திரும்பப் போடுறா. ஏழாம் வாய்ப்பாடு பக்கம் ஒரு தடவை போயிருக்கா, நாலு தப்பு போட்டிருக்கா, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சே படுக்கல. தூக்கத்துல கூட போடத் தெரிஞ்ச கணக்கப் போட்டு மிஸ்ஸ ஆட விட்டுப் பாத்துட்டு இருந்திருக்கா.

எங்க பாஷையில இதுக்குப் பேரு எங்கேஜ்மென்ட். அன்னைக்கு ராத்திரிதான் இந்த வார்த்தை மேல எனக்கு முதல் சந்தேகம் வந்துச்சு. உள்ள போய்ப் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு மூஞ்சி திரையில இருந்தா பிள்ளைங்களுக்கு என்ன ஆகுது? அந்த மூஞ்சி எப்படி இருக்குங்கறது எவ்வளவு முக்கியம்? படிச்சதுல எனக்கு உருப்படியாத் தோணினத மட்டும் சொல்றேன்.

இது ஏஐ வந்ததுக்கு அப்புறம் வந்த கேள்வி இல்ல. 1997லயே அமெரிக்காவுல ஜேம்ஸ் லெஸ்டர்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு ஒரு சோதனை பண்ணியிருக்காங்க. 'டிசைன் எ பிளான்ட்'னு ஒரு மென்பொருள். வேற வேற சூழலுக்கு ஏத்த மாதிரி வேர், தண்டு, இலைய பிள்ளைங்க தேர்ந்தெடுத்து ஒரு செடி அமைக்கணும். கூடவே ஹெர்மன்னு ஒரு பூச்சி சுத்திட்டு இருக்கும், விளக்கம் சொல்லும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைங்க 100 பேர அஞ்சு குழுவாப் பிரிச்சு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விதமான ஹெர்மனக் கொடுத்தாங்க. நிறையப் பேசுற ஹெர்மன், கம்மியாப் பேசுற ஹெர்மன், வாயே திறக்காத ஹெர்மன். வாயே திறக்காத ஹெர்மனக் கூட பிள்ளைங்க உதவியா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. சும்மா சுத்திட்டு இருந்ததுக்கே மார்க். இதுக்கு அவங்க 'பெர்சோனா எஃபெக்ட்'னு பேரு வச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் ஆப் கம்பெனிகள் ஒரு ஆந்தையையோ, கரடியையோ, குர்தா போட்ட மிஸ்ஸையோ மூலையில நிக்க வைக்கிறதுக்கு இது ஒரு நல்ல சாக்கு. எதுவுமே செய்யாட்டியும் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்.

ஆனா பிடிக்கிறது வேற, கத்துக்கிறது வேற. 2013ல ஷ்ரோடர்ங்கறவரும் கூட ரெண்டு பேரும் அதுவரைக்கும் வந்த 43 ஆய்வுகள ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்க. திரையில ஒரு உருவம் இருந்தா படிப்புல முன்னேற்றம் இருக்கா? இருக்கு, ஆனா சின்னதா. காலேஜ் பசங்களவிட பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் கூட. ரிச்சர்டு மேயர்னு ஒரு உளவியல் பேராசிரியர், பாடத்த வீடியோவா எப்படிக் கொடுக்கணும்னு பல வருஷமா ஆராய்ச்சி பண்றவர். அவர் இன்னும் கறாரா சொல்றாரு. ஆள் மூஞ்சி திரையில இருக்கிறதாலேயே பாடம் ஏறாது. அந்த ஆள் பாடத்தப் பாக்கணும், கைய நீட்டிக் காட்டணும், நம்ம கண்ண அங்க கூட்டிட்டுப் போகணும். அப்பத்தான் பிரயோஜனம். கான் அகாடமி சல்மான் கான (நடிகர் இல்ல, இது வேற சல்மான் கான்) எடுத்துக்கோங்க. அவரோட பழைய வீடியோவுல மூஞ்சியே கிடையாது. கறுப்புப் பலகை, கலர் எழுத்து, ஒரு குரல். இன்ஜினியரிங்ல எங்க பேட்ச்ல பாதிப் பேரு அந்தக் குரல நம்பித்தான் பரீட்சைக்குப் போனோம்.

சரி, அப்ப மூஞ்சியே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். இந்த இடத்துல எனக்கு டோரா ஞாபகம் வந்தா.

சுட்டி டிவி 2007ல ஆரம்பிச்சாங்க. எனக்கு அப்ப பத்து வயசு. பத்து வயசுப் பையன் 'டோராவின் பயணங்கள்' பாக்கிறது எங்க தெருவுல மானக்கேடு. அதனால பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைங்க பாக்கும்போது தற்செயலா அங்க நிக்கிற மாதிரி நிப்பேன். டோரா பாக்க நம்மள மாதிரியா இருப்பா? இல்ல. லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பொண்ணு, ஆரஞ்சு டிராயரு, பேசுற பை, பேசுற மேப்பு. வண்ணார்பேட்டைல அந்தக் கோலத்துல ஒருத்தரும் நடமாடல. இருந்தும் அவ ஒரு கேள்வி கேட்டுட்டு வாய மூடிட்டு நம்மளையே பாத்துட்டு நிப்பா பாருங்க, அந்த ரெண்டு மூணு செகண்டுல வளவுல இருக்கிற அத்தனை பிள்ளைங்களும் டிவிய நோக்கிக் கத்தும். நானும் கத்தியிருக்கேன், மெதுவா.

இதுல ஒரு விஷயம் எனக்கு இப்பத்தான் உறைச்சுச்சு. நாம என்ன கத்துறோம்னு டோராவுக்குத் தெரியாது. வலது பக்கம் இருக்கிற மரத்த இடது பக்கம்னு கத்தினாலும் அவ ஒரே மாதிரிதான் சிரிப்பா. அது வெறும் படம். அவளால நம்ம தப்பப் பாக்க முடியாது. இப்ப நாங்க செய்ற மிஸ்ஸுக்கு நம்ம தப்பு தெரியும். எத்தனாவது செகண்டுல அமுக்கினோம், எத்தன தடவை அழிச்சோம், எல்லாம் தெரியும். அப்ப அந்த மூஞ்சி வெறும் அலங்காரம் இல்ல. நாம தப்பு பண்ணும்போது நம்மளப் பாத்துட்டு நிக்கிற ஒரு ஆள். பெரிய கண்ணா வரைஞ்சா பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு வரைஞ்சோம். அந்தப் பெரிய கண்ணுதான் மருமவளுக்குத் தொந்தரவு.

இதே மாதிரி ஒரு ஆள உங்க எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ் 97ல வந்த பேப்பர் கிளிப், கிளிப்பி. ரெண்டு கண்ணு, ரெண்டு புருவம். நாம லெட்டர் அடிக்க ஆரம்பிச்சா எட்டிப் பாக்கும். உலகமே திட்டுச்சு. 2001ல வந்த ஆபீஸ் எக்ஸ்பில மைக்ரோசாஃப்டே அத முதல்லயே அணைச்சு வச்சுத்தான் கொடுத்தாங்க. கிளிஃபர்டு நாஸ்னு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஒருத்தர், கம்ப்யூட்டரயும் மனுஷங்க மனுஷங்களாத்தான் நடத்துறாங்கன்னு காட்டினவரு, கிளிப்பிய வச்சு ஒரு வேடிக்கை பண்ணிப் பாத்தாரு. அதே கிளிப், அதே மூஞ்சி. ஆனா உதவி சரியில்லன்னு நாம சொன்னா, அது கோவப்பட்டு, 'இத இப்படிச் செஞ்சு வச்ச மைக்ரோசாஃப்டுக்கு ஒரு புகார் எழுதுவோம்'னு நம்ம பக்கம் வந்து நிக்கும். ஆளுங்களுக்கு அத ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். மூஞ்சியில ஒரு கோடு கூட மாறல. யாரு பக்கம் நிக்குதுங்கறதுதான் மாறுச்சு.

இதக் கேட்டுட்டு, அப்ப உருவம் முக்கியமே இல்லன்னு முடிவு கட்டிராதீங்க. முக்கியம்தான், அது வேற ஒரு இடத்துல. ஏமி பேலர்ங்கறவரும் அவரோட வேலை பாத்தவங்களும் அமெரிக்காவுல காலேஜ் பொண்ணுங்ககிட்ட சோதனை பண்ணியிருக்காங்க. இன்ஜினியரிங் பத்தி ஒரு திரை உருவம் பேசும். அந்த உருவம் இளவயசா, கொஞ்சம் ஸ்டைலா, ஒரு பொண்ணா இருந்தப்ப, கேட்ட பொண்ணுங்களுக்கு நம்மாலயும் இதப் படிக்க முடியும்ங்கற எண்ணம் கூடியிருக்கு. எங்க காலேஜ்ல மெக்கானிக்கல் வகுப்புல மொத்தமே மூணு பொண்ணுங்க. எனக்கு இது புரியுது. நமக்கு இங்க இடம் இருக்கான்னு சந்தேகத்தோட நிக்கிறவங்களுக்கு, உள்ள ஏற்கனவே நம்மள மாதிரி ஒருத்தர் உக்காந்திருக்கிறதப் பாக்கிறது பெரிய விஷயம்.

நம்ம பக்கத்துல இத ரொம்ப கவனமாச் செஞ்ச ஒரு வேலை யுனிசெஃபோட மீனா. 1990கள்ல தெற்காசியாவுக்குன்னு உருவாக்கின கார்ட்டூன் பொண்ணு. இந்திய அனிமேஷனுக்கு முன்னோடியான ராம் மோகன் அதுல பெரும்பங்கு. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம், எல்லா இடத்துக்கும் ஒரே பொண்ணு பொருந்தணும். படங்கள வரைஞ்சு எடுத்துட்டுப் போய் ஊர் ஊரா பிள்ளைங்ககிட்டயும் பெத்தவங்ககிட்டயும் காட்டி, கேட்டு, திருத்தி, அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணியிருக்காங்க. எந்த ஒரு நாட்டுக்கு மட்டும்னு அடிச்சுச் சொல்ல முடியாத ஒரு உடுப்பு. எங்க மிஸ்ஸ எப்படி முடிவு பண்ணோம் தெரியுமா? ஒரு செவ்வாய்க்கிழமை, வீடியோ கால்ல, நாப்பது நிமிஷத்துல. விலைக்கு வாங்கின படத் தொகுப்புல வந்த முதல் நிறம் வெளுப்பு. யாரும் மாத்தச் சொல்லல. நானும் சொல்லல.

மருமவ கறுப்பு. நானும் கறுப்புதான், எங்க வீட்ல எல்லாரும் தாமிரபரணித் தண்ணியில நல்லா ஊறின கலரு. ஆப்ல பிள்ளைங்க தங்களுக்குன்னு ஒரு சின்ன உருவத்தத் தேர்ந்தெடுக்கலாம், ஆறு தோல் நிறம் இருக்கும். மருமவ தேர்ந்தெடுத்தது ஆறுலயே வெளுப்பானது. மிஸ்ஸோட நிறம். ஏன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா 'சும்மாதான்'னு சொல்லியிருப்பா. அத எந்த டேஷ்போர்டுலயும் பாக்க முடியாது, பச்சைக் கலரும் கிடையாது, சிவப்புக் கலரும் கிடையாது.

போன வருஷங்கள்ல நம்ம ஊர்ல வந்த மூஞ்சிகளப் பாருங்க. திருவனந்தபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல 2024ல ஐரிஸ்னு ஒரு ரோபோ டீச்சர், சேலை கட்டி, சக்கரத்துல வந்துச்சு. அதே வருஷம் மே மாசம் டிடி கிசான்ல கிரிஷ், பூமின்னு ரெண்டு ஏஐ உருவம் விவசாயச் செய்தி வாசிக்க வந்தாங்க, 50 மொழியில பேசுவாங்கன்னு சொன்னாங்க. செய்தியில எல்லாம் போட்டோ சேலையையும் சிரிப்பையும்தான் காட்டுச்சு. பிள்ளை ஒண்ணு தப்பா பதில் சொன்னா அது என்ன செய்யும்னு யாரும் எழுதி நான் படிக்கல.

இப்ப பேச்சுக்கு வருவோம். என்னை ரொம்ப நாள் தூங்க விடாத ஆய்வு இதுதான். அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகம், ஜஸ்டின் கேஸல் குழு, 2013. திரையில அலெக்ஸ்னு ஒரு பிள்ளை. ஆணா பொண்ணா, எந்த இனம்னு சொல்ல முடியாத மாதிரி வேணும்னே வரைஞ்சிருக்காங்க. மூணாங்கிளாஸ் படிக்கிற கறுப்பினப் பிள்ளைங்க அலெக்ஸோட சேந்து ஒரு அறிவியல் வேலை செய்யணும். சிலருக்கு அலெக்ஸ் பள்ளிக்கூட இங்கிலீஷ்ல பேசுது. சிலருக்கு பிள்ளைங்க வீட்ல, தெருவுல பேசுற இங்கிலீஷ்ல பேசுது. இன்னும் சிலருக்கு, விளையாட்டாப் பேசும்போது தெருப் பேச்சு, டீச்சர்கிட்ட சொல்லிப் பழகும்போது பள்ளிக்கூடப் பேச்சு. படம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அறிவியலா யோசிச்சுச் சொல்றதுல நல்லாச் செஞ்சது யாரு தெரியுமா? முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வீட்டுப் பேச்சு பேசின அலெக்ஸோட இருந்த பிள்ளைங்க. சின்ன அளவுல செஞ்ச ஆய்வுதான், அத வச்சு உலகத்தையே மாத்த முடியாது. ஆனா நான் திருநெல்வேலிக்காரன். சென்னைல முதல் வேலைக்குப் போனப்ப 'ஏலே' வாயில வந்துராம மூணு மாசம் பல்லக் கடிச்சுட்டு பேசினவன். எனக்கு இது புள்ளிவிவரம் இல்ல.

நம்ம தோல்பாவைக் கூத்துக்காரங்க இத எப்பவோ கண்டுபிடிச்சிருக்காங்க. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் ஆடுற தோல்பாவைக் கூத்துல ராமாயணம்தான் கதை. ராமர், சீதை எல்லாம் அழகா, கலர் கலரா இருப்பாங்க, செந்தமிழ் மாதிரி ஒண்ணு பேசுவாங்க. நடுவுல உச்சிக்குடும்பன், உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளிங்க வருவாங்க. தூக்கிக் கட்டின குடுமி, கோணல் மூஞ்சி, அசல் ஊர்ப்பேச்சு. ஆச்சி சொல்லும், 'ராமர் வரும்போது கூட்டம் கும்பிடும், உச்சிக்குடும்பன் வந்தாத்தான் முழிச்சு உக்காரும்'னு. அந்தக் கோமாளிக்கு ஒண்ணும் தெரியாது, தப்புத் தப்பா செய்வான், அடி வாங்குவான். தப்பு பண்றது அவன், சிரிக்கிறது நாம. எங்க ஆப்ல தப்பு பண்றது பிள்ள, மூஞ்சியக் காட்டுறது மிஸ்.

சரி, படிச்சுட்டு சும்மா இருந்தேனான்னா, இல்ல. லீவுல கைய வச்சுக்கிட்டு இருக்க முடியாத வியாதி எனக்கு. என் லேப்டாப்ல தனியா ஒரு பிராஞ்ச் போட்டு ரெண்டே மாற்றம் பண்ணேன். முதல் மாற்றம், தப்பு வந்தா மிஸ்ஸோட மூஞ்சி மாறக்கூடாது. பிள்ளையப் பாக்காம திரும்பி கணக்கப் பாக்கணும், எந்த இலக்கத்துல சறுக்கிச்சோ அங்க விரல நீட்டணும். ரெண்டாவது, குரல். எங்க அம்மாவ மாடிக்குக் கூட்டிட்டு வந்து இதே மைக்ல பேச வச்சேன். "பைய போடு, ஒண்ணும் அவசரம் இல்ல." "இங்கன ஒருக்கா பாரு." "இது சரியா வந்துட்டுல்லா, அப்ப அதுவும் வரும்." அம்மாவுக்கு ஒரே வெக்கம். "எம்புட்டு நேரம்ல இதையே சொல்லச் சொல்லுத?"ன்னு கேட்டதும் ரெக்கார்டு ஆகியிருக்கு. அதையும் அஞ்சாவது தப்புக்கு வச்சுவிட்டேன்.

மருமவ முதல் தடவை கேட்டதும் "ஆச்சி!"ன்னு சிரிச்சுட்டா. ஏழாம் வாய்ப்பாடு லெவல நானே திறந்து கொடுத்தேன். ஏழெட்டு அம்பத்தி நாலுன்னு போட்டா. கை மேல போகப் போச்சு, பழக்கம். மிஸ் திரும்பி கணக்கப் பாத்துச்சு. கை பாதியில நின்னுச்சு. அம்மா குரல் வந்துச்சு. அவ ஒரு பேப்பர எடுத்துட்டு வந்து ஏழேழு நாப்பத்தொம்போதுல இருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சா. அன்னைக்கு அந்த லெவல்ல பதினொரு தப்பு. நான் பாத்ததுலயே சந்தோஷமான பதினொரு தப்பு அது.

இத ஒரு வெற்றிக் கதையா முடிச்சிரலாம்னுதான் எனக்கும் ஆசை. ஆனா ஒரு பிள்ள, அதுவும் சொந்த ஆச்சி குரல், இத வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. அதனால தெருவுல இன்னும் நாலு பிள்ளைங்ககிட்ட, வீட்ல கேட்டுட்டு, கொடுத்துப் பாத்தேன். மூணு பேருக்குப் பிடிச்சிருந்துச்சு. நாலாவது பையன், ஆறாங்கிளாஸ் போகப்போறவன், ரெண்டு நிமிஷத்துல போனத் திருப்பிக் கொடுத்துட்டான்.

"என்னடே, பிடிக்கலயா?"

"இது என்னண்ணே, சினிமா காமெடி மாதிரி இருக்கு. மிஸ்ஸுன்னா ஒழுங்காப் பேசாண்டாமா?"

அவன் சொன்ன அந்த வாக்கியமே அசல் நெல்லை. அது அவனுக்குத் தெரியல. ஆனா அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. நம்ம பேச்ச அவன் திரையில எங்க கேட்டிருக்கான்? ஒண்ணு காமெடிக்கு, இல்ல அருவாளுக்கு. பாடம் நடத்துற இடத்துல ஒரு தடவை கூட கேட்டதில்ல. அந்த அமெரிக்க ஆய்வுல பிள்ளைங்க எட்டு, ஒம்பது வயசு. இவன் பதினொண்ணு. எந்தப் பேச்சுக்கு மரியாதைன்னு கத்துக்கிற வயசு வந்துருச்சு. இவனுக்கு நான் என்ன குரல் வைக்கணும்? எனக்கு இன்னும் பதில் கிடைக்கல. ரெண்டு குரல் வச்சு அவங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்னு தோணும். அப்புறம், ஆறு நிறத்துல மருமவ எத எடுத்தான்னு ஞாபகம் வரும்.

ஆபீஸ்ல காட்டினேன். நியாயமாச் சொல்லணும், எல்லாரும் பொறுமையாக் கேட்டாங்க. முகபாவனை இல்லாத மிஸ்ஸ கொஞ்சம் யூசருக்கு மட்டும் விட்டுப் பாத்தோம். ஆப்ல இருக்கிற நேரம் குறைஞ்சுச்சு. ஆடுறதையும் நான் சுருக்கியிருந்தேன்ல, டான்ஸ் பாக்க வந்த கூட்டம் கலைஞ்சுருச்சு. முடிக்காத லெவலுக்குத் திரும்பி வர்றது கூடியிருந்துச்சு, ஆனா அதுக்கு எங்ககிட்ட பெரிய சார்ட் இல்ல. நேரத்துக்குத்தான் பெரிய சார்ட். கடைசியில ஒரு சமரசம்: தோள் இறங்குறது போகட்டும், டான்ஸ் இருக்கட்டும், ஊர்க்குரல் 'பின்னால் பாப்போம்' பட்டியல்ல. அந்தப் பட்டியலுக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. தோள் இறங்குற அனிமேஷன அழிச்சது நான்தான். ரெண்டு நாள்ல சேத்தத ஒரு வரியில எடுத்தேன்.

இப்ப சாயங்கால நேரத்துல தனியா ஒண்ணு செஞ்சுட்டு இருக்கேன். அமெரிக்காவுல வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல கௌதம் பிஸ்வாஸ் குழு 'பெட்டீஸ் பிரெய்ன்'னு ஒண்ணு வச்சிருக்காங்க. அதுல திரையில இருக்கிற பெட்டி டீச்சர் இல்ல, மாணவி. பிள்ளைங்கதான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கணும். அவ பரீட்சையில கோட்டை விட்டா, தப்பு பெட்டியோட தப்பு, நாம போய் இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு வந்து அவளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கலாம். தனக்காகப் படிக்கிறதவிட இப்படித் தன் மாணவிக்காகப் பிள்ளைங்க கூடுதல் நேரம் படிக்கிறாங்கன்னு 2009ல ஒரு ஆய்வும் வந்திருக்கு. எனக்கு இதப் படிச்சதும் உச்சிக்குடும்பன்தான் கண்ணு முன்னாடி வந்து நின்னான்.

அதுக்கு ஒரு உருவம் வேணும்னு நேத்து மருமவகிட்ட பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்தேன். முதல்ல, கணக்கு சொல்லித் தர்ற மிஸ் எப்படி இருக்கணும், உனக்குப் பிடிச்ச மாதிரி வரைன்னேன். ஆந்தையோ, டோராவோ, சேலை கட்டின மிஸ்ஸோ வரும்னு நினைச்சேன். அவ ஒரு கரும்பலகைய வரைஞ்சா. அதுக்கு முன்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க, நீளச் சடை, கையில சாக்பீஸ். முதுகுதான் தெரியுது. மூஞ்சியே இல்ல.

"ஏன் திரும்பி நிக்காவ?"

"போர்டுல எழுதுதாங்க மாமா. அப்பத்தான் நான் அழிச்சு எழுதுறதப் பாக்க மாட்டாங்க."

சடைக்கு மட்டும் கறுப்பு, கைக்கு மண்ணு கலர் அடிச்சிருக்கா. அந்தப் படத்த ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன். இனிமே உச்சிக்குடும்பனையும் அவளத்தான் வரையச் சொல்லணும், கேட்டா ஒரு ஐஸ்கிரீம் செலவு.

உங்க வீட்ல பிள்ளைங்க ஏதாவது ஆப்ல படிச்சா, ஒரு அஞ்சு நிமிஷம் பக்கத்துல உக்காந்து, தப்பு வர்ற நேரத்துல அவங்க கை எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. பாத்தத எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட் சென்னைல இருந்து, போர்வைக்குள்ள இருந்துதான். கீழ அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க, நான் கிளம்புறேன். வரட்டா மக்களே.